பறவை தின்ற சிலந்தியும் நம்பாத பண்டிதர்களும்

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மரியா சிபில்லா மெரியன் 1705இல் வெளியிட்ட புத்தகத்தில் சிலந்தி ஒன்று பறவையைத் தின்பதாக வரைந்திருக்கிறாரே, அது பொய்யா? டார்வினின் கப்பலில் நடுக்கடலில் ஆயிரக்கணக்கில் சிலந்திகள் வந்து இறங்கியது கதையா? மொத்தத்தில், அந்தக் காலத்துப் பயணிகள் பூச்சிகளைப் பற்றி எழுதிவைத்ததை நம்பலாமா? நீங்கள் பார்த்த காணொளி மூன்றையும் ‘கட்டுக்கதை’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது என்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் சட்டென்று சொல்லிவிடலாம். மெரியன் சொன்னது நடக்கக்கூடியது, ஆனால் படத்தில் இருப்பதெல்லாம் சரியல்ல. டார்வின் சொன்னது முழுக்க உண்மை. மூன்றாவதற்குத்தான் உட்கார்ந்து பேச வேண்டும். நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்: முந்நூறு வருடத்துக்கு முன்பு யாரோ பார்த்ததாக எழுதிய ஒன்றை எப்படி எடைபோடுவது?

நான் பூச்சியியல் படித்தவன். இருபது வருடத்துக்கு மேலாக வயலிலும் தோப்பிலும் சிலந்திகளை எண்ணுவதும், எண்ணியதை எழுதிவைப்பதும்தான் பிழைப்பு. டச்சும் லத்தீனும் தெரியாது. மெரியனை மொழிபெயர்ப்பில்தான் வாசித்திருக்கிறேன். ஆகவே சொல் நுணுக்கத்தில் என்னை யாராவது மடக்கினால் ஒத்துக்கொள்வேன். சிலந்தி விஷயத்தில் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மெரியன் பிராங்க்பர்ட்டில் 1647இல் பிறந்தவர். பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்து, அது புழுவாகி, கூடாகி, அந்துப்பூச்சியாவதை நாள் குறித்து வரைந்தவர். பூச்சிகள் அழுகலிலிருந்தும் சேற்றிலிருந்தும் தானாகவே உண்டாகின்றன என்று படித்தவர்கள்கூட நம்பிய காலம் அது. 1699இல், ஐம்பத்திரண்டு வயதில், இளைய மகளைக் கூட்டிக்கொண்டு தென்னமெரிக்காவில் டச்சுக்காரர்கள் வசமிருந்த சூரினாமுக்குக் கப்பலேறினார். காய்ச்சலில் விழுந்து 1701இல் ஆம்ஸ்டர்டாம் திரும்பினார். நான்கு வருடம் கழித்து, சூரினாம் பூச்சிகளைப் பற்றி அறுபது படங்களோடு அந்தப் புத்தகம் வந்தது. அதில் பதினெட்டாவது படம்தான் இத்தனை ரகளைக்கும் காரணம். ஒரு கொய்யாக்கிளை, அதில் இலைகளை நறுக்கும் எறும்புகள், உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த பெரிய சிலந்தி ஒன்று ஹம்மிங் பறவையை மல்லாத்திப் போட்டு அதன்மேல் ஏறியிருக்கிறது, பக்கத்தில் கூடு, கூட்டில் நான்கு முட்டை. இந்தச் சிலந்திகளின் வழக்கமான உணவு எறும்பு. எறும்பு கிடைக்காதபோது கூட்டிலிருக்கும் சிறு பறவைகளைப் பிடித்து இரத்தத்தை உறிஞ்சும் என்று குறிப்பும் எழுதினார்.

உயிரினங்களுக்கு லத்தீன் பெயர் வைத்து வகைப்படுத்திய ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதை நம்பினார். 1758இல் அந்தச் சிலந்திக்கு ‘அவிகுலாரியா’ என்று பெயர் வைத்தார். லத்தீனில் சிறு பறவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஆங்கிலத்தில் இன்றும் இந்த வகைப் பெருஞ்சிலந்திகளைப் பறவை தின்னி என்று அழைப்பதற்கு ஆரம்பம் இங்கேதான்.

எதிர்ப்பு கிளம்பியது நூறு வருடத்துக்கும் மேல் கழித்து. செயின்ட் வின்சென்ட் தீவைச் சேர்ந்த கில்டிங் என்ற பாதிரியார் மெரியனின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கிழித்துப்போட்டு எழுதிய கட்டுரை 1834இல் அச்சானது. அவர் சூரினாமுக்குப் போனதே இல்லை. அவர் கையிலிருந்ததோ மெரியன் இறந்தபின் வந்த பதிப்பு; அதில் பிறர் சேர்த்த படங்களும் இருந்தன. அதே வருடம் கியூபாவிலிருந்த மக்லே என்ற விலங்கியலாளரும் எழுதினார். இவர் அவரைவிடக் கெட்டிக்காரர், சோதனையே செய்து பார்த்தார். இந்தச் சிலந்தி வளையில் வாழ்வது, வலை கட்டாதது, பறவை எப்படி அதனிடம் மாட்டும் என்று யோசித்து, உயிருள்ள ஹம்மிங் பறவை ஒன்றைச் சிலந்தியின் வளைக்குள் விட்டார். சிலந்தி அதைத் தொடவில்லை. வளையையே விட்டு வெளியேறிவிட்டது. முடிந்தது கதை, பறவை பிடிக்கும் சிலந்தி என்று ஒன்று கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இந்தச் சோதனையை நான் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. செய்த விதத்தில் நேர்மையில் குறை இல்லை. ஆனால் கியூபாவின் ஒரு சிலந்தி, ஒரு பறவை, ஒரு நாள். வீட்டுக்குள் திடீரென்று ஒரு கோழியைத் தூக்கி எறிந்தால் நாமும்தான் வெளியே ஓடுவோம்; அதை வைத்து மனிதர்கள் கோழி தின்பதில்லை என்று எழுத முடியுமா? அதுவும் தவிர, மெரியன் சொன்னது மரத்தில் ஏறும் சிலந்தியை. இவர் பிடித்துச் சோதித்தது தரைவளைச் சிலந்தியை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மக்லே பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனார். சிட்னியில் தன் வீட்டருகே, வலை கட்டும் ஒரு சிலந்தி இளம் வெள்ளைக்கண்ணிக் குருவியைப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருப்பதைத் தானே பார்க்க நேர்ந்தது. பார்த்ததை மறைக்காமல் எழுதி, பழைய தீர்ப்பைத் திருத்திக்கொண்டார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அதனால்தான்.

மெரியனுக்குச் சாட்சி சொன்னவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். லெஸ்டர் நகரத்துக்காரர். 1848இல் வாலஸ் என்ற இன்னொரு இயற்கையாளருடன் அமேசானுக்குப் போய்ப் பதினோரு வருடம் அங்கேயே இருந்தவர். டோக்கன்டின்ஸ் ஆற்றங்கரையில் கமேட்டா என்ற ஊரில், ஒரு மரத்தின் வெடிப்பில் கனத்த வெள்ளை வலை. கிழிந்த அந்த வலையில் இரண்டு சிறு குருவிகள். ஒன்று செத்துக் கிடந்தது. மற்றொன்று சிலந்தியின் உடம்புக்கு அடியில் இன்னும் உயிரோடு, ஏதோ எச்சில் பூசியதுபோல் நனைந்து கிடந்தது. சிலந்தியை விரட்டிவிட்டுக் குருவிகளை எடுத்தார்; இரண்டாவதும் சற்று நேரத்தில் செத்துப்போனது. சிலந்தியின் உடல் கிட்டத்தட்ட இரண்டு அங்குலம், கால் விரிப்பு ஏழு அங்குலம் என்று அளவும் கொடுத்திருக்கிறார். அது லின்னேயஸ் பெயர் வைத்த அதே இனம், ‘அல்லது அதற்கு மிக நெருங்கியது’ என்று இடம்விட்டு எழுதினார். 1863இல் வந்த அவருடைய பயணநூலில் இது இருக்கிறது.

உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடையும் பேட்ஸிடமே இருக்கிறது. இந்தச் செய்தி மெரியன் காலத்திலிருந்தே எழுத்தில் உண்டு. ஆனால் அது சொல்லப்பட்ட விதத்தைப் பார்த்தால், சொன்னவர்கள் நேரில் கண்டதாகத் தெரியவில்லை, உள்ளூர்க்காரர்கள் சொல்லக் கேட்டு எழுதியதாகத்தான் தெரிகிறது. அதனால்தான் யாரும் நம்பாமல் போனார்கள் என்கிறார் அவர். அதோடு நிறுத்தவில்லை. கமேட்டாவில் விசாரித்தபோது அங்கிருந்தவர்களுக்கும் இது புதுச் செய்தியாகவே இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறார். தனக்குச் சாதகமில்லாததையும் மறைக்காத எழுத்து இது. ஒரு பழைய குறிப்பை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

மெரியனின் படத்துக்குத் திரும்புவோம். ஹம்மிங் பறவைகள் ஒரு தடவைக்கு இரண்டு முட்டைதான் இடும். கூட்டில் நான்கை வரைந்தவர் கூட்டை அருகில் போய்ப் பார்த்திருக்க முடியாது. எறும்புகள் ஒரே இரவில் மரத்தை மொட்டையடிக்கும், ஒன்றையொன்று கவ்வித் தொங்கிப் பாலம் கட்டும், வீட்டுக்குள் புகுந்து பூச்சிகளையெல்லாம் காலி செய்யும் என்று எழுதுகிறார். மூன்றும் உண்மை. ஆனால் மரத்தை மொட்டையடிப்பது இலைவெட்டி எறும்பு. பாலம் கட்டி வீட்டைச் சுத்தம் செய்வது படை எறும்பு. இரண்டு இனத்தை ஒன்றாகத் தைத்துவிட்டார். அதே குறிப்பில், இந்தச் சிலந்திகள் நீளமான வலை கட்டும் என்று சில பயணிகள் நம்மை நம்பவைக்கப் பார்த்தார்கள், அது இல்லை என்று மற்றவர்களைத் திருத்தவும் செய்கிறார். அது சரியான திருத்தம். இவ்வளவும் ஒரே பக்கத்தில்.

ஆகவே ‘இவரை நம்பலாமா’ என்று ஆளைக் கேட்டுப் பயனில்லை. ஒரே ஆள், ஒரே பக்கத்தில், பார்த்ததையும் எழுதுகிறார், கேட்டதையும் எழுதுகிறார், இரண்டையும் இணைத்துத் தானே ஊகித்ததையும் எழுதுகிறார். பார்த்தது பெரும்பாலும் நிற்கிறது. கேட்டது பாதி நிற்கிறது. துணி இற்றுப்போவது பெரும்பாலும் இரண்டையும் தைத்த இடத்தில்தான்.

அதற்கு மெரியனிடமே இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு விளக்குப் பூச்சி. தலைக்கு முன்னால் வேர்க்கடலை போல ஒரு புடைப்போடு இருக்கும் பூச்சி அது. பழங்குடிகள் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்களாம்; ராத்திரி பெட்டிக்குள் சத்தம் கேட்டுத் திறந்தால் தீப்போல வெளிச்சம் வந்ததாம்; அந்த வெளிச்சத்தில் செய்தித்தாள் வாசிக்கலாம் என்று எழுதினார். சிள்வண்டுதான் பிறகு இந்தப் பூச்சியாக மாறுகிறது என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னதை நம்பி, இரண்டும் கலந்த ஓர் உருவத்தையும் வரைந்துவைத்தார். லின்னேயஸ் இதையும் நம்பி விளக்கு என்ற பொருளில் ‘லேட்டர்னேரியா’ என்று பெயர் வைத்தார். அந்தப் பூச்சி ஒளிவிடுவதில்லை. பிறகு வந்தவர்கள் எத்தனையோ பேர் இருட்டில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். அன்றைக்கு அந்தப் பெட்டியில் வேறு ஒளிவிடும் வண்டுகள் கலந்திருந்தன என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அது வெறும் ஊகம், அதை நான் தூக்கிப் பிடிக்க மாட்டேன். புழுவைக் கையில் வைத்து வளர்த்துப் பார்த்த விஷயங்களில் இதே பெண்மணி எவ்வளவு துல்லியம் என்பதையும் மறக்கக் கூடாது. எந்தப் புழு எந்தச் செடியைத் தின்கிறது, எது எந்த வண்ணத்துப்பூச்சியாகிறது என்று அவர் வரைந்த இணைகள் பல இன்றும் சரியாக இருக்கின்றன.

நம்மூரிலும் இதே தையல் உண்டு. குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் குளவியாக்கிவிடும் என்று சிறுவயதில் கேட்டிருப்பீர்கள். இதைச் சொன்னவர்கள் பார்க்காமல் சொல்லவில்லை. குளவி மண்கூட்டுக்குள் புழுவைக் கொண்டுபோய் அடைத்ததைப் பார்த்தார்கள். சில வாரம் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வெளிவந்ததைப் பார்த்தார்கள். இரண்டும் சரி. இடையில் கூட்டுக்குள் நடந்ததுதான் யாருக்கும் தெரியவில்லை. குளவி முட்டையிட்டு, அதிலிருந்து வந்த குஞ்சு அந்தப் புழுவைத் தின்றுதான் வளர்ந்தது.

இதைச் சொல்லும்போது டார்வின் ரியோ டி ஜெனிரோவில் பார்த்தது நினைவுக்கு வருகிறது. பெரிய குளவி ஒன்றுக்கும் ஓநாய்ச்சிலந்தி ஒன்றுக்கும் நடந்த சண்டை. குளவி பாய்ந்து ஒரு கொட்டு கொட்டிவிட்டுப் பறந்துவிட்டது. அடிபட்ட சிலந்தி புல்லுக்குள் ஒளிந்துகொண்டது. திரும்பி வந்த குளவி, நரியை மோப்பம் பிடிக்கும் வேட்டைநாய் மாதிரி அரைவட்டமடித்துத் தேடிக் கண்டுபிடித்து, சிலந்தியின் தாடைக்குப் பயந்து சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் நெஞ்சுக்கு அடியில் இரண்டு தடவை கொட்டியது. இழுத்துக்கொண்டு போகும்போது டார்வின் இரண்டையும் பிடித்துவிட்டார். மண்கூடு கட்டும் குளவிகள் அரை உயிராகக் கிடக்கும் சிலந்திகளையும் புழுக்களையும் கூட்டுக்குள் அடைப்பதையும், கொட்டு சாகடிக்காமல் முடக்கிப்போடுவதையும் அதே இடத்தில் குறிக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் குறிப்பேட்டில் ‘குளவி சிலந்தியைக் கொன்று எடுத்துச் சென்றது’ என்று எழுதியிருக்கிறேன். நான் பார்த்தது கொட்டியதும் அசைவு நின்றதும்தான். ‘கொன்று’ என்ற சொல்லை என் பேனா தானாகச் சேர்த்துக்கொண்டது. டார்வின் செய்யாத தவறு அது.

கப்பல் விஷயம் இதுதான். 1832 நவம்பர் 1ஆம் தேதி, பீகிள் கப்பல் லா பிளாட்டா ஆற்றின் முகத்துவாரத்தில். கரை அறுபது மைல் தொலைவில், அதாவது சுமார் 96 கிலோமீட்டர். கரையிலிருந்து மெல்லிய, சீரான காற்று. பாய்மரக் கயிறுகளெல்லாம் சிலந்தி நூல் பூசியிருந்தது. அதில் ஒரு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு நீளமுள்ள செம்பழுப்புச் சிலந்திகள், கப்பல் முழுவதும் சில ஆயிரம் இருக்கும் என்று கணிக்கிறார். எல்லாம் ஒரே இனம். ஆண், பெண், குஞ்சு எல்லாம் உண்டு. வந்து ஒட்டும்போது ஒவ்வொன்றும் தனி நூலில்தான் வந்தது, பஞ்சுப்பொதி போலத் தெரிவதெல்லாம் பல நூல்கள் பின்னிக்கொண்டது என்றும் பிரித்துச் சொல்கிறார். வந்து சேர்ந்த சிலந்திகள் தாகத்தோடு தண்ணீர்த் துளிகளைக் குடித்தன என்பதுவரை எழுதியிருக்கிறார். தூரம், காற்றின் திசை, அளவு, நிறம், வந்த விதம் எல்லாம் இருக்கிறது. இதற்குமேல் ஒரு குறிப்பில் என்ன கேட்க முடியும்?

இதில் அதிசயம்கூடக் குறைவு. மார்கழிப் பனியில் அறுவடை முடிந்த வயலில் விடிகாலை போய்ப் பாருங்கள். தாளடி முழுக்க வெள்ளைத் துணி விரித்தமாதிரி நூல் கிடக்கும். வெயில் ஏறியதும் வேலிக்கம்பி உச்சியில் கடுகளவுச் சிலந்திகள் கால்நுனியில் எழும்பி, வயிற்றை வானத்துக்குக் காட்டி நிற்கும். அடுத்த கணம் இருக்காது. சாண்டா ஃபே என்ற இடத்தில் டார்வினும் ஒரு கம்பத்தின் உச்சியில் இதையே பார்த்தார். நான்கைந்து நூல்கள், ஒவ்வொன்றும் ஒரு கஜத்துக்கும் அதிகம், ஒன்றிலிருந்து ஒன்று விலகி விரிந்து மேலே எழும்பின; சிலந்தி பிடியை விட்டதும் கண்ணுக்கு மறைந்தது. காற்றே இல்லாததுபோல் தெரிந்த நாள். அந்த நூல்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரிகின்றன? மர்ரே என்பவர் மின்னூட்டம் என்று சொல்வதாக ஒரு வரி குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அந்த ஒரு வரி ஏறக்குறைய நூற்றெண்பது வருடம் தூங்கியது. காற்று போதும், மின்சாரம் எதற்கு என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. நானும் அப்படித்தான் படித்தேன். 2018இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் காற்றசைவில்லாத பெட்டிக்குள் குட்டிச் சிலந்திகளை விட்டு, வளிமண்டலத்தில் இருக்கும் அளவுக்கு மின்புலம் கொடுத்தார்கள். சிலந்திகள் கால்நுனியில் எழும்பி நூல் விட ஆரம்பித்தன. சில மேலேயும் எழும்பின. நிறுத்தினால் இறங்கின. மின்புலத்தைச் சிலந்தி உணர்கிறது என்பது இப்போது உறுதி. வெளியில், உண்மையான பயணத்தில் காற்றின் பங்கு எவ்வளவு, மின்சாரத்தின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. என் ஊகம், கிளம்புவதற்கு மின்சாரமும் அறுபது மைல் போவதற்குக் காற்றும் என்பது, ஊகம்தான்.

கேட்டு எழுதியதையெல்லாம் தள்ளிவிடலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இலங்கையில் கண்டி ராஜ்ஜியத்தில் பத்தொன்பது வருடம் கைதியாக இருந்து 1679இல் தப்பிய ராபர்ட் நாக்ஸ், 1681இல் வந்த தன் நூலில் ‘டெமோகுலோ’ என்ற சிலந்தியைப் பற்றிச் சில வரிகள் எழுதுகிறார்: கறுப்பு, மயிர் அடர்ந்தது, புள்ளியும் பளபளப்பும் உண்டு, உடம்பு மனிதனின் கைமுட்டி அளவு, மரப்பொந்துகளில் இருக்கும், கடித்தால் ஆள் சாக மாட்டான், ஆனால் வலியில் சிறிது காலம் புத்தி தடுமாறும். அவர் இயற்கையாளர் இல்லை, ஊர்மக்கள் சொன்னதைத்தான் பெரும்பாலும் எழுதியிருப்பார். அந்தப் பெயர் சிங்களத்தின் ‘திவி மகுளுவா’, சிறுத்தைச் சிலந்தி. இன்று பொசிலோதீரியா என்கிறோம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் உறவுகள் உண்டு. மரப்பொந்தில்தான் வாழும். கடித்தவர்களுக்கு நாள்கணக்கில் கடும் தசைப்பிடிப்பு வருவது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது, உயிர் போவதில்லை. கைமுட்டி என்பது கொஞ்சம் தாராளம். மற்றபடி, எந்தக் கல்லூரிக்கும் போகாத யாரோ சொன்ன வார்த்தை முந்நூற்றைம்பது வருடம் நிற்கிறது. மெரியனுக்கும் செடியும் புழுவும் தேடித் தந்தவர்கள் பழங்குடிகளும் ஆப்பிரிக்க அடிமைகளும்தான். அவர்கள் உதவியதை அவர் ஒப்புக்கொள்கிறார், பெயர்களை மட்டும் எழுதவில்லை.

பண்டிதர்கள் கேட்டதைத் தள்ளியதால் தோற்ற கதையும் ஒன்று உண்டு, அதில் நம் பக்கத்துக்கும் பங்கு இருக்கிறது. எறும்பு தானியம் சேர்த்துவைக்கும் என்பது பைபிள் காலத்துப் பேச்சு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பூச்சியியலாளர்கள் அதை மறுத்தார்கள். எறும்புகள் தூக்கிக்கொண்டு ஓடும் வெள்ளைக் கூட்டுப்புழுக்களைப் பார்த்துப் பழங்காலத்தவர் தானியம் என்று ஏமாந்தார்கள் என்பது அவர்கள் வாதம். புத்திசாலித்தனமான வாதம், நாமும்தானே மழைக்கு முன் எறும்பு ‘முட்டை’ தூக்குகிறது என்கிறோம், அதில் முக்கால்வாசி முட்டையல்ல. ஆனால் அவர்கள் பார்த்தது குளிரில் முடங்கிக் கிடக்கும் வடநாட்டு எறும்புகளை மட்டும். புணேயில் கர்னல் சைக்ஸ், மழையில் நனைந்த புல்விதைகளை எறும்புகள் வெளியே கொண்டுவந்து வெயிலில் காயவைப்பதைப் பார்த்து எழுதினார். தென்னிந்தியாவில் இராணுவ மருத்துவராக இருந்த ஜெர்டன் 1851இல் சென்னையில் வெளிவந்த இதழில் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை எழுதியபோது விதை சேர்க்கும் எறும்புகளையும் பதிவு செய்தார். பிறகு 1873இல் தெற்கு பிரான்சிலிருந்து மாக்ரிட்ஜ் முழுப் புத்தகமே போட்டபோதுதான் வாதம் அடங்கியது. புற்று வாயில் உமி குவிந்திருப்பதைப் பார்த்து வளர்ந்த நம் விவசாயி யாரையாவது கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை.

கடைசியாக, காணொளியில் டார்வினைப் பூச்சி கடித்ததால்தான் வாழ்நாள் முழுக்க நோயாளியாக இருந்தார் என்று வந்ததாகச் சொன்னீர்கள். கடித்தது உண்மை. 1835 மார்ச்சில், மெண்டோசாவுக்கு அருகே லுக்ஸான் என்ற ஊரில், பம்பாஸ் சமவெளியின் பெரிய கறுப்பு இரத்தமுறிஞ்சிப் பூச்சி ராத்திரி தன்னைத் தாக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். இகீக் என்ற ஊரில் பிடித்த ஒன்றை மேசைமேல் விட்டு விரலை நீட்டினால் ஓடிவந்து உறிஞ்சியதையும், பத்து நிமிடத்துக்குள் அப்பளம் போலிருந்த உடம்பு உருண்டையானதையும், ஒரு வேளைச் சாப்பாட்டில் நான்கு மாதம் கொழுத்திருந்ததையும் சொல்கிறார். இந்தப் பூச்சி பரப்பும் நோயை கார்லோஸ் சாகஸ் கண்டுபிடித்தது 1909இல். 1959இல் அட்லர் என்பவர் டார்வினின் நோயையும் இதையும் இணைத்தார். இங்கேயும் நான் தையலைத்தான் பார்க்கிறேன். நோய் பரவுவது கடியால் அல்ல, பூச்சியின் எச்சம் காயத்தில் படுவதால். அன்றைய பூச்சியில் கிருமி இருந்ததா என்பதற்குச் சான்றில்லை. நெஞ்சுப் படபடப்பு அவருக்குக் கப்பலேறும் முன்பே, 1831 டிசம்பரில் பிளிமத்திலேயே வந்திருக்கிறது. நடந்திருக்கலாம். நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

என் கதை ஒன்று. தோப்பு ஒன்றில் பெரிய மஞ்சள்–கறுப்பு வலைச்சிலந்தியின் வலையில் செத்த தினைக்குருவி தொங்கியதை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சிலந்தி ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தது. அது கொன்றதா, குருவி சிக்கிப் பசியில் செத்ததா, சிலந்தி தின்ன ஆரம்பித்ததா, தெரியாது. ‘வலையில் இறந்த குருவி, சிலந்தி அருகில்’ என்று மட்டும் எழுதிவைத்தேன். கூட இருந்த பையன் அதைப் படம் எடுத்து ‘குருவியைக் கொன்ற சிலந்தி’ என்று போட்டான். ஏகப்பட்ட பேர் பார்த்தார்கள்.

அந்தக் காணொளிக்குக் கீழே நீங்கள் ஏதாவது எழுதப் போகிறீர்கள் என்றால், முட்டை இரண்டாக இருக்க வேண்டும், நான்கு தப்பு, விளக்குப் பூச்சிக்கு விளக்கு இல்லை என்பதை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள். சிலந்தியையும் கப்பலையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.